குளிரறைக்குள் சொன்ன பொய்

முப்பத்திரண்டு வருடம் தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கொடுத்தவன் நான். ஊசிக்குப் பயந்து ஓடிய மீசைக்காரர்களைத் தொழிலாளர் லயத்து வாசலில் மடக்கிப் பிடித்திருக்கிறேன். ‘எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்’ என்று சொல்லிச் சொல்லியே காலத்தை ஓட்டியவன். அதனால் எனக்கே பயம் வந்தபோது அதைப் போய் யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. ஓய்வுபெற்ற இரண்டாவது வருடம், அறுபத்தொரு வயதில், மைனஸ் நூற்றுப்பத்து டிகிரிக் குளிரில் அரைக்கால் சட்டையோடு மூன்று நிமிடம் நிற்கிறேன் என்று நானே வாய் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

என் மகள் கித்துல்கலவில் ஆற்றோரமாக இருக்கும் ஒரு ஹோட்டலில் வேலை செய்கிறாள். ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டத்துப் பெரிய துரை குடியிருந்த பங்களா அது. இப்போது ஆற்றில் படகு விட வருகிற வெள்ளைக்காரர்களும் கொழும்புப் பணக்காரர்களும் தங்குகிறார்கள். காலையில் தலைக்கவசம் போட்டுக்கொண்டு தண்ணீரில் கூச்சலிட்டுவிட்டு, பின்னேரம் அந்த உடம்பைத் தேற்றிக்கொள்ள எண்ணெய், நீராவி, மூலிகைக் குளியல் என்று போவார்கள். போன வருடம் அவற்றோடு ஒரு குளிரறையும் வந்து சேர்ந்தது. முழு உடம்பையும் சில நிமிடம் கடுங்குளிரில் நிறுத்தி எடுப்பார்கள். கிரையோதெரபி என்று பெயர். மூட்டுவலி, தசைவலி, தூக்கமின்மை, மனச்சோர்வு எல்லாவற்றுக்கும் நல்லது என்று வாசலில் போர்டு போட்டிருந்தார்கள். எல்லா நோய்க்கும் ஒரே மருந்து என்று எவன் சொன்னாலும் எனக்குக் கோபம் வரும். எங்கள் டிஸ்பென்சரியில் பெரசிட்டமோலுக்கு அந்தப் பெயர் இருந்தது, அதைக் கொடுத்தவன் நான்தான் என்பதால்.

மகள் கொழும்பில் படித்துவிட்டு வந்து ஆறு மாதமாக அங்கே பயிற்சியில் இருந்தாள். வேலை நிரந்தரமாக வேண்டுமானால், மேனேஜர் பக்கத்தில் நின்று பார்க்க, குளிரறையில் ஒரு ஆளை முழுதாக அவளே தனியாகக் கையாண்டு காட்டவேண்டும். அதற்குச் சமையலறையில் வேலை செய்யும் ஒருவர் ஒத்துக்கொண்டிருந்தார். பரீட்சைக்கு மூன்று நாளைக்கு முன் அவருக்குச் சளித் தடிமன் பிடித்துவிட்டது. மகள் எனக்குப் போன் எடுத்தாள்.

“அப்பா, ஒரு ஒதவி வேணும். மாட்டேன்னு சொன்னாலும் கோவப்பட மாட்டேன்.”

“என்ன, யாருக்கும் காய்ச்சலா?”

“காய்ச்சல் எல்லாம் இல்ல. குளிரறைக்கு ஒரு ஆள் வேணும். வியாழக்கிழம ஆள் இல்லாட்டி என்னய அடுத்த செட்டோட போட்ருவாங்களாம். அதுக்கு இன்னும் எத்தன மாசமோ. உங்க தோள்பட்டைக்கும் நல்லதுப்பா. ஒரு வருஷமா தலை சீவ முடியாமத்தானே இருக்கீங்க.”

“அதுக்கென்ன, வர்றேன்,” என்றேன். என் குரல் எனக்கே தைரியசாலியின் குரல் போலக் கேட்டது.

போனை வைத்த பிறகு அவள் ஒரு பட்டியல் அனுப்பினாள். யார் யார் அந்த அறைக்குள் போகக்கூடாது என்ற பட்டியல். முதல் வரியிலேயே, கட்டுப்பாட்டில் இல்லாத இரத்த அழுத்தம் உள்ளவர்கள் என்று இருந்தது. மூன்று வருடமாக எனக்குப் பிரஷர். கட்டுப்பாடு என்பது அதற்கு விருந்தாளி மாதிரி, வந்தால் வரும். மாத்திரை அட்டையைச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருந்தேன். மகளுக்குத் தெரியாது.

ஏன் தெரியாது என்று சொல்லிவிடுகிறேன். அவளுடைய அம்மா போய் ஐந்து வருடம். தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் அப்படியே பக்கத்தில் சாய்ந்தாள். பிரஷர் ஏறி மூளையில் இரத்தம் கசிந்துவிட்டது என்றார்கள். அதன் பிறகு மகள் படிப்பை நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்து, ஒரு வருடம் என் மூச்சை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் இருமினால் எழும்பி வருவாள். கழிப்பறையில் ஐந்து நிமிடம் கூட இருந்தால் கதவைத் தட்டுவாள். அவளைத் திரும்பக் கொழும்புக்கு அனுப்ப நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். எனக்கும் அதே நோய் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிடுவாள். வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை சீக்கு என்பார்கள். எங்கள் வீட்டில் பிள்ளை நன்றாகத்தான் இருந்தது, வைத்தியன்தான் சீக்கு.

அந்த மூன்று நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. குளிரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் இரண்டே இரண்டு. ஒன்று, டிஸ்பென்சரியில் தடுப்பூசி வைத்திருந்த குளிர்சாதனப் பெட்டி. அதன் குளிர் இரண்டு டிகிரிக்கும் எட்டு டிகிரிக்கும் இடையில் இருக்கவேண்டும். ஒரு டிகிரி கீழே போனாலும் மருந்து செத்துவிடும் என்று காலையும் மாலையும் கொப்பியில் எழுதிக் காவல் காத்தேன். மற்றது, பெரிய ஆஸ்பத்திரியின் சவ அறை. தோட்டத்தில் யாராவது விபத்தில் போனால், அடையாளம் காட்டும் சொந்தக்காரர்களுக்குத் துணையாக நான்தான் உள்ளே போவேன். அந்தக் கதவைத் திறந்தால் காலுக்கு முதலில் படும் அந்தக் குளிர். மூன்று நாளும் கண்ணை மூடினால் அந்தக் கதவுதான். இரும்புக் கைப்பிடி, அதில் வடிகிற தண்ணீர்.

வரமாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். பத்துத் தடவை போனைக் கையில் எடுத்தேன். வராததற்குக் காரணம் கேட்பாளே என்று பதினோராவது தடவையும் வைத்துவிட்டேன்.

அறைக்குள் போகுமுன் பிரஷர் பார்ப்பார்கள் என்று பட்டியலின் அடியில் இருந்தது. அதைப் படித்ததும் என் முப்பத்திரண்டு வருட அனுபவம் விழித்துக்கொண்டது. பாம்பின் கால் பாம்பறியும். டிஸ்பென்சரியை ஏமாற்ற என்னென்ன வழி இருக்கிறதோ எல்லாம் எனக்கு அத்துபடி. எங்கள் தோட்டத்தில் வேலைக்குப் போகாமல் இருக்கவேண்டுமானால் டிஸ்பென்சரியில் துண்டு, அதாவது நோய்ச் சீட்டு, வாங்கவேண்டும். துண்டு இல்லாதவனுக்கு நோய் இல்லை. அதற்காகக் கக்கத்தில் வெங்காயத்தை வைத்துச் சூடேற்றிக்கொண்டு வருவார்கள். கண்ணில் சவர்க்காரத் தண்ணீரை விட்டுக்கொண்டு கண்நோய் என்பார்கள். நான் ஒருவனையும் விட்டதில்லை. வெங்காயத்தின் வாசனைக்கே துண்டுப் புத்தகத்தை மூடிவிடுவேன்.

ஆனால் இன்னொரு வகை இருந்தார்கள். நிஜமாகவே நோயோடு வந்து, நோய் இல்லை என்று சொல்கிறவர்கள். துண்டு எடுத்தால் அன்றைய பேர், அதாவது நாள் சம்பளம், போய்விடும். மாதக் கடைசியில் வேலை நாள் குறைந்தால் மேற்கொண்டு கிடைக்கிற காசும் போகும். இவர்கள் மருந்தை மட்டும் வாங்கிக்கொண்டு, ‘ஒண்ணுமில்லைங்கய்யா, லேசாத்தான்’ என்று சிரித்துக்கொண்டே மலைக்கு வேலைக்குப் போவார்கள். இவர்களைப் பிடிப்பது கஷ்டம். உண்மையைச் சொன்னால், நான் பிடிக்க முயன்றதும் இல்லை. துண்டு அதிகம் போனால் ஆபீசிலிருந்து கேள்வி வரும்.

அப்படித்தான் ஒருத்தி. பதினைந்து வருடத்துக்கு முன், ரப்பர்ப் பால்வெட்டுக்குப் போகிற ஒருத்தி, காலையில் பெயர் பதிகிற பெரட்டு முடிந்த கையோடு பால் வாளியோடு வந்து வாசலில் நின்றாள். தலை கிறுகிறுக்குது என்றாள். அப்போது மழைக்காலம். இருபது பேர் இருமிக்கொண்டு நின்றார்கள். வெளியே கங்காணி நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிரஷர் பார்க்கிற கருவி மேசையில்தான் இருந்தது. நான் அதைக் கட்டவில்லை. “வேலைக்குப் போக முடியுமா?” என்று மட்டும் கேட்டேன். அவள் ஒரு தரம் கங்காணியைத் திரும்பிப் பார்த்துவிட்டு, “ஒண்ணுமில்லைங்கய்யா, போறேன்” என்றாள். நானும் புத்தகத்தில் வேலைக்குத் தகுதி என்று எழுதினேன். பத்து மணிக்கு அவளைச் சாக்குப் படங்கில் போட்டு நாலு பேர் தூக்கி வந்தார்கள். உயிர் தப்பிவிட்டாள். இடது கையும் காலும் போய்விட்டன. இன்றைக்கும் கீழ் லயத்தில்தான் இருக்கிறாள். வீட்டுக்குப் போகிற வழியில் அவளைத் தாண்டித்தான் போகவேண்டும். என்னைக் கண்டால் வலது கையை மட்டும் தூக்கி, “கும்பிடுறேங்கய்யா” என்பாள். நான் அவசரமாக எங்கேயோ போகிறவன் போல நடப்பேன்.

இப்போது அவள் சொன்ன பொய்யை நான் சொல்லவேண்டும். கருவியையும் ஏமாற்றவேண்டும். புதன் இரவு ஒரு மாத்திரைக்குப் பதில் இரண்டு போட்டேன். வியாழன் விடியற்காலை இன்னொன்று. இப்படி ஒரு காரியத்தை வேறு எவனாவது செய்து என் முன்னால் வந்து நின்றிருந்தால் அவனை வாசலுக்கு வெளியே விரட்டியிருப்பேன். கட்டிலை விட்டு எழும்பும்போதே தலை லேசாக மிதந்தது. பிரஷர் இறங்குகிறது என்று சந்தோஷப்பட்டேன். அவ்வளவு மடையன்.

கித்துல்கலவில் மழை. பஸ்ஸிலிருந்து இறங்கி ஹோட்டலுக்குள் நடக்கும்போதே சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. மகள் வெள்ளைச் சீருடையில் வாசலுக்கு வந்தாள். அவள் பக்கத்தில் மேனேஜர், நீலச் சேலையில், நாற்பது வயதிருக்கும் சிங்களப் பெண்மணி, கையில் ஒரு பலகையும் பேப்பரும் வைத்திருந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே அவருக்கு விளங்கியிருக்கவேண்டும். “பய வென்ன எப்பா அங்கிள்” என்றார், பயப்படவேண்டாம் என்று. “நே நே, பய நே” என்றேன். அன்றைக்கு முதல் பொய்யைச் சிங்களத்தில் சொன்னேன்.

இரண்டாவது பொய் பேப்பரில். ஒவ்வொரு நோயாக மகள் வாசித்தாள். இருதய நோய், இல்லை. வலிப்பு, இல்லை. பிரஷர் என்று வந்தபோது அவள் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

“பிரஷர் ஒண்ணும் இல்லதானே அப்பா?”

“எனக்கு எங்க இருந்து வரப்போகுது? இல்லன்னு போடு.”

கருவியைக் கட்டினாள். அவள் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது டிஸ்பென்சரித் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். இந்தக் கருவியின் ரப்பர்ப் பந்தை அமுக்கி விளையாடி என்னிடம் அடியும் வாங்கியிருக்கிறாள். இப்போது இது தானாகவே ஊதிக்கொள்கிற கருவி. என் நெஞ்சு அடிக்கிற சத்தம் அதற்குக் கேட்டுவிடுமோ என்று மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டேன். நூற்றிருபத்திரண்டு, எழுபத்தாறு. “சின்னப் பொடியன் மாதிரி இருக்கீங்க” என்று சிரித்தாள். மேனேஜர் பலகையில் ஒரு சரி போட்டார். மகளின் முகத்தில் அந்தச் சந்தோஷத்தைப் பார்த்தபோது எனக்கு அழுகை வரும் போல இருந்தது. இனித் திரும்ப வழியில்லை என்பது அப்போதுதான் முழுதாக விளங்கியது.

உடை மாற்றும் அறையில் அரைக்கால் சட்டை, முழங்கால் வரை கம்பளிக் காலுறை, தடித்த கையுறை, காதை மூட ஒரு பட்டி, வாய்க்குக் கவசம், மரச் செருப்பு. மூக்குக் கண்ணாடி, மோதிரம், இடுப்பில் இருந்த வெள்ளி அரைஞாண் எல்லாம் கழற்றி ஒரு பெட்டிக்குள். உலோகம் தோலில் ஒட்டிக்கொள்ளும் என்றாள். மகள் முன்னால் நான் சட்டை இல்லாமல் நின்றதே கிடையாது. வயிறும், அட்டை கடித்த தழும்பு விழுந்த தொடையுமாக, கண்ணாடியும் இல்லாமல், திருவிழாவில் காணாமல் போனவன் போல நின்றேன்.

“அப்பா, வேர்க்குது உங்களுக்கு. ஈரத்தோட உள்ள போகக்கூடாது. ஈரம் ஒறஞ்சி தோல சுட்டுரும்.”

துவாயால் என் முதுகைத் துடைத்தாள். துடைத்த இடத்தில் மறுபடி வேர்த்தது. இன்னொரு துவாய் எடுத்தாள். கழுத்து, கக்கம், முழங்கைக்கு உட்பக்கம். நான் பயப்படப் பயப்பட வேர்த்தது, வேர்க்க வேர்க்கப் பயம் கூடியது. மூன்றாவது துவாயில் அவள் கை ஒரு கணம் நின்றது.

“உண்மையிலேயே ஒங்களுக்கு ஓகேயா?”

“மழைப் புழுக்கம்மா. சீக்கிரம் உள்ள விடு.”

கதவு பூட்டாது, உள்ளிருந்து தள்ளினால் திறக்கும், எந்த நேரமும் வெளியே வரலாம் என்று அவள் இரண்டு தரம் சொன்னாள். முதலில் ஒரு சின்ன அறை. அங்கே மைனஸ் அறுபது. அரை நிமிடம் பழகியதும் அடுத்த கதவு. கைப்பிடியைப் பார்த்தேன். சவ அறைக் கதவில் இருந்த அதே மாதிரி நீளக் கைப்பிடி. என் கால் அங்கேயே நின்றுவிட்டது. “நடங்க அப்பா” என்று சுவரில் இருந்த ஒலிபெருக்கியில் அவள் குரல் வந்தது. நடந்தேன்.

உள்ளே வெள்ளைப் புகை. என்னோடு வந்த வெப்பக் காற்று பனிமூட்டமாகி முழங்கால் வரை நின்றது. முதல் சில விநாடி ஒன்றும் தெரியவில்லை. இவ்வளவுதானா என்று நினைத்தேன். அதற்குள் மூக்கு மயிரெல்லாம் குச்சியாக நின்றது. தொடையில் ஆயிரம் ஊசி. எத்தனை பேருக்குப் போட்டேனோ அத்தனையும் திருப்பிப் போடுகிறார்கள் என்று தோன்றியது. இமையைக் கொட்டினால் ஒட்டியது. மூச்சை உள்ளே இழுத்தால் நெஞ்சுக்குள் பாதி வழியில் நின்றது. சின்னக் கண்ணாடிச் சதுரத்துக்கு வெளியே இரண்டு உருவம். ஒன்று வெள்ளை, ஒன்று நீலம். கண்ணாடி இல்லாத கண்ணுக்கு முகம் தெரியவில்லை.

“அரை நிமிஷம் முடிஞ்சி. எப்படி இருக்குப்பா?”

“ஒண்ணுமில்லம்மா.”

என் நாக்கில் வந்தது அந்தச் சொல்தான். சொன்ன பிறகுதான் எங்கே கேட்ட சொல் என்று நினைவு வந்தது. வாசலில் பால் வாளியோடு நின்றவளின் முகம் வந்தது. அவள் கங்காணியைத் திரும்பிப் பார்த்தது போல நான் அந்த நீல உருவத்தைப் பார்த்தேன்.

நாடி பார்க்கவேண்டும் போல இருந்தது. முப்பத்திரண்டு வருடப் பழக்கம். மணிக்கட்டைத் தேடினேன். கையுறை தடிப்பில் ஒன்றும் அகப்படவில்லை. கழுத்தில் வைத்தேன், அங்கேயும் இல்லை. ஆயிரம் பேருடைய நாடியைப் பிடித்தவனுக்குத் தன் நாடியைப் பிடிக்க முடியவில்லை. அது அடிக்கிறதா நின்றுவிட்டதா என்று தெரியாமல் நிற்பது போல ஒரு பயம் என் வாழ்க்கையில் வந்ததில்லை. குளிர் இரத்தக் குழாயைச் சுருக்கும், பிரஷர் ஏறும். உள்ளே இருக்கும் மூன்று மாத்திரையும் அதை இழுத்துப் பிடிக்கும். வெளியே வந்ததும் குழாய் விரியும், அப்போது மூன்றும் சேர்ந்து கீழே தள்ளும். எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் வந்து நிற்கிறேன். இங்கே நான் விழுந்தால் என் மகள் கையால்தான் விழுந்தேன் என்றாகும். தாயும் போய், தகப்பனையும் தானே கொன்றாள் என்றுதான் மிச்ச வாழ்க்கை முழுதும் நினைப்பாள். அதை நான் அதுவரை யோசிக்கவே இல்லை. அவளுடைய வேலையைப் பற்றித்தான் யோசித்திருந்தேன்.

கதவு நாலு அடி தூரத்தில் இருந்தது. தள்ளினால் திறக்கும். தள்ளவில்லை. மேனேஜர் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒரு நிமிஷம். அப்பா, எப்படி இருக்கு?”

“ஒண்ணுமில்ல.”

கைமயிரில் வெள்ளை பூத்தது. வட்டமாக நடக்கச் சொல்லியிருந்தாள், நடந்தேன். இரண்டாவது சுற்றில் சுவர் என்னோடு சேர்ந்து நடந்தது. கண்ணுக்கு ஓரத்தில் கருப்பு நெளிந்தது. சாமி பெயர் ஒன்று கூட ஞாபகம் வரவில்லை. என் மனைவியைத்தான் கூப்பிட்டேன், வாய்க்குள்.

“ஒன்றரை நிமிஷம். அப்பா?”

“ஒண்ணுமில்ல,” என்றேன். குரல் வேறு யாருடையதோ போல இருந்தது.

கதவு திறந்தது. மூன்று நிமிடம் ஆகவில்லை. மகள் அந்தச் சின்ன அறைக்குள் வந்து நின்று, என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். பின்னாலிருந்து மேனேஜர் சிங்களத்தில் ஏதோ கேட்டார். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வெளி அறையின் சூடு முகத்தில் பட்டது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

கண் விழித்தபோது தரையில், காலுக்குக் கீழே இரண்டு தலையணை, மேலே கம்பளி. மகள் கருவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எண்பத்தாறு, ஐம்பது. அவள் உதடு வெளுத்திருந்தது.

“என்ன மாத்திர போட்டீங்க?”

“என்ன மாத்திர?”

“அப்பா.” குரலை உயர்த்தவில்லை. “என்ன மாத்திர, எத்தன, எத்தன மணிக்கு?”

சொன்னேன். மூன்று வருடத்தையும் சொன்னேன். சாமிப் படத்தையும் சொன்னேன். அவள் எழுந்து போய்ப் பேப்பரை எடுத்து வந்தாள். பிரஷர் இல்லை என்று தான் போட்டிருந்த இடத்தைக் கோடிழுத்து வெட்டி, உண்மையை எழுதி, பக்கத்தில் கையெழுத்து வைத்து, மேனேஜரிடம் கொடுத்தாள். எழுதாமல் விட்டிருக்கலாம், மயக்கம் யாருக்கும் வரும் என்று சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் அப்படித்தான் செய்திருப்பேன்.

மேனேஜர் பேப்பரை வாசித்தார். வாகனம் தயாராக இருக்கிறது, முதலில் ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றார். இந்தப் பரீட்சை செல்லாது, அடுத்த மாதம் வேறு ஆளை வைத்துத் திரும்பச் செய்யவேண்டும் என்றும் சொன்னார். அடுத்த மாதம் செய்தாள், வேலை நிரந்தரமானது. ஆனால் அன்றைக்கு அது யாருக்குத் தெரியும்? நான் அவள் சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டேன் என்றே நினைத்துக்கொண்டு வாகனத்தில் ஏறினேன்.

ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றி, பின்னேரம் விட்டார்கள். வீட்டுக்கு த்ரீவீலில் வரும்போது அவளிடம் கேட்டேன்.

“ஏன் கதவ தொறந்த? நான்தான் ஒண்ணுமில்லன்னு சொன்னேனே.”

“அதனாலதான் தொறந்தேன். உள்ள போற எல்லாரும் கத்துவாங்க. சிரிப்பாங்க, ஏசுவாங்க, என்னயவே திட்டுவாங்க. மைனஸ் நூத்திப்பத்துல நின்னுக்கிட்டு ஒண்ணுமில்லன்னு இதுவர ஒருத்தரும் சொன்னதில்ல. ரெண்டாந்தரம் சொல்லும்போதே பயமா இருந்துச்சி. மூணாந்தரமும் கேட்டுப் பாத்தேன்.”

பிறகு என் பக்கம் திரும்பாமல், “இனி எனக்குத் தெரியாம ஒரு மாத்திர போட்டீங்கன்னா நான் வேலைய விட்டுட்டு வந்துருவேன்” என்றாள். நான் சரி என்றேன். அவள் அழுதுகொண்டிருந்தாள்.

கீழ் லயத்தை நெருங்கும்போது மழை விட்டிருந்தது. வாசல் படியில் அந்தப் பால்வெட்டுக்காரி உட்கார்ந்திருந்தாள். இடது கை மடியில் கிடந்தது. த்ரீவீலைக் கண்டதும் வலது கையைத் தூக்கினாள். நான் டிரைவரின் தோளைத் தட்டி நிறுத்தச் சொன்னேன். மகள் என்னைப் பார்த்தாள்.

இறங்கி நடக்க எனக்குப் பயமாக இருந்தது. காலையில் இருந்த பயத்துக்கு ஒரு மாற்றுக் குறையாத பயம். பதினைந்து வருடமாக அந்தப் படிக்கு முன்னால் நான் நின்றதில்லை.

“எப்படிம்மா இருக்க?”

“ஒண்ணுமில்லைங்கய்யா, நல்லாத்தான் இருக்கேன்” என்று சிரித்தாள்.

வழக்கமாக அந்த இடத்தில் நான் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்திருப்பேன். அன்றைக்கு நகரவில்லை.

“இல்லம்மா. உண்மையிலேயே கேக்குறேன். எப்படி இருக்க?”

அவள் சிரிப்பு மெதுவாக நின்றது. என் முகத்தைப் பார்த்தாள், பின்னால் த்ரீவீலில் இருந்த மகளைப் பார்த்தாள். பிறகு வலது கையை ஊன்றிச் சற்று நகர்ந்து, படியில் எனக்கு இடம் விட்டாள். உட்கார்ந்தேன். இரவில் தோள்பட்டை குடைகிறது என்றாள். கால் சில நாளில் சொன்னபடி கேட்பதில்லை, குளிக்க இன்னொரு ஆள் வேண்டியிருக்கிறது, அதுதான் வெட்கமாக இருக்கிறது என்றாள். எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, மடியில் கிடந்த கையைச் சேலைத் தலைப்பால் மூடினாள்.

“அன்னைக்கும் இப்படி ரெண்டாந்தரம் கேட்டிருந்தீங்கன்னா சொல்லியிருப்பேங்கய்யா,” என்றாள்.